குழிக்குள் விரலை விட்டுப் பார்

புதுவண்ணாரப்பேட்டை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மா முட்டிக்கு ஊசி போட்டாயிற்று. பெரிய மாமா பேத்திக்குத் தை மாதம் நிச்சயம். நீ போன் எடுக்காததைக் கேட்க எழுதவில்லை. வேலை இருக்கும். பார்சல் கட்டுகிற வேலை எனக்குத் தெரியாததா? மாப்பிள்ளையும் எடுக்கவில்லை, அதுவும் பரவாயில்லை.

மாடி வீட்டுப் பையன் ஆன்லைனில் ஒரு கேரம் போர்டு வரவழைத்தான். அதைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நீயும் இதே தொழிலில் இருப்பதால் உனக்கு உதவும்.

‘டோர்னமெண்ட் சைஸ், 32 இன்ச்’ என்று போட்டிருக்கிறார்கள். எங்கிருந்து எதுவரை 32 என்று போடவில்லை. டேப் வைத்துப் பார்த்தேன், சட்டத்தின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம்வரை. சட்டம் இரண்டு இன்ச். உள்ளே 28 இன்ச்தான் மிச்சம், 71 செ.மீ. விதிப்படி ஆடுகிற பரப்பு 73.5-லிருந்து 74 செ.மீ. இருக்கணும், சட்டத்தின் அகலம் குறைந்தது 6.35 செ.மீ. கூட்டிப் பார், வெளி அளவு 34 இன்ச் இல்லாமல் டோர்னமெண்ட் போர்டு கிடையாது. 32 இன்ச் போர்டு விற்பது தப்பில்லை, வீட்டுக்கு அது போதும். அதன் மேல் ‘டோர்னமெண்ட்’ என்று எழுதுவதுதான் தப்பு. இரண்டரை செ.மீ.தானே என்பார்கள். 71-ல் பழகின பிள்ளை 74-ல் போய் உட்கார்ந்தால் ரிபவுண்டு எல்லாம் தப்பும். நம்ம ஏரியா காசிமா 2024-ல் கேரம் உலகக் கோப்பைக்கு அமெரிக்கா போய் மூன்று தங்கம் வாங்கி வந்த பிறகு, நம் தெருவிலேயே இரண்டு வீட்டில் பெண் பிள்ளைகளுக்கு போர்டு வாங்கினார்கள். அந்த மாதிரி வீட்டுக்குத்தான் இது போய்ச் சேருகிறது. நீ எழுதும்போது உள் அளவைப் போடு. வெளி அளவைப் பக்கத்தில் வேண்டுமானால் போட்டுக்கொள்.

அடுத்தது பலகை. ‘8 எம்எம் பிளை’ என்று போட்டிருந்தது. விதி கேட்பதும் குறைந்தது 8. ஆனால் பிளையின் ஓரம் முழுக்கச் சட்டத்துக்குள் போய்விடுமே, யார் பார்ப்பது? பார்க்கிற இடம் ஒன்றே ஒன்று, குழி. வலையைக் கழற்றிவிட்டு ஒரு காயைப் படுக்கவைத்துக் குழியின் ஓரத்தோடு ஒட்டிப் பிடி. நல்ல காயின் கனம் 7-லிருந்து 9 எம்எம், அதனால் 8 எம்எம் பலகையும் காயும் ஏறக்குறைய ஒன்றாக நிற்கும். இந்த போர்டில் காய் பாதிக்குப் பாதி மேலே நின்றது. விரலை விட்டுத் தடவினால் மூன்றே அடுக்கு. நாலு எம்எம்முக்கு மேல் ஒரு நூல்கூட இருக்காது. பத்து வயதில் நீ வலையைக் கழற்றாமலே விரலை விட்டு அடுக்கை எண்ணிச் சொல்லுவாய். பெரியமேட்டுக் கடைக்காரர்கள் எல்லாரும் அசந்து போவார்கள். எனக்கு இன்னும் அது பெருமைதான்.

ஒல்லிப் பிளை ஐப்பசி மழைக்குத் தாங்காது. மேல்பக்கம் மட்டும் வார்னிஷ் அடித்து, அடிப்பக்கத்தைப் பச்சையாக விட்டுவிடுகிறார்கள். ஈரம் அடியில் ஏறும், பலகை வயிறு போடும். ஸ்டீல் ஸ்கேலை மூலைக்கு மூலை நிறுத்தி, பின்னால் டார்ச் பிடித்துப் பார்த்தால் வெளிச்சம் தெரியும். அப்புறம் எங்கே சுண்டினாலும் காய் வேகம் குறையும்போது நடுவை நோக்கி வளையும். 15 கிராம் ஸ்ட்ரைக்கரைப் பலமாக அடித்தால் மூன்றரை தடவை போய் வரணும். இது இரண்டு தடவையில் படுத்துவிட்டது.

கூட வந்த ஸ்ட்ரைக்கர் ‘ப்ரோ’வாம். தராசில் வைத்தேன், 21 கிராம். உச்ச அளவே 15. கனமான ஸ்ட்ரைக்கரில் அடித்தால் காய் நன்றாகச் சிதறும், வாங்கினவனுக்குச் சந்தோஷம், அஞ்சு நட்சத்திரம். ஆறு மாதத்தில் காயின் விளிம்பு பொரிந்து, குழியின் வாயும் நைந்துவிடும். தெருமுனை கிளப்பில் கனத்த ஸ்ட்ரைக்கரோடு வருகிறவனை அழுகுணி என்று எழுப்பி விடுவார்கள். கோடு இரண்டையும் தொடாமல் ஸ்ட்ரைக்கர் வைக்கிறவன், பவுடர் தூவுகிற சாக்கில் காயை நகர்த்துகிறவன், எல்லாரையும் நாலு பேர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஆன்லைனில் அந்த நாலு பேர் இல்லை. ரிவ்யூதான் இருக்கிறது.

அதையும் படித்தேன். 4.4 நட்சத்திரம். கீழே இறங்க இறங்க, ‘மூடி டைட்டாக இல்லை’, ‘பாதி டப்பாதான் இருந்தது’, ‘கொட்டிப் போய் வந்தது’. கேரம் போர்டுக்கு ஏது மூடி? முதலில் அந்தப் பக்கத்தில் போரிக் பவுடர் விற்றிருக்கிறார்கள். நட்சத்திரம் சேர்ந்ததும் படத்தையும் பெயரையும் மாற்றி அதே பக்கத்தில் போர்டை ஏற்றிவிட்டார்கள். பெட்டிக்குள் ஒரு சீட்டு, அஞ்சு நட்சத்திரம் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் நூறு ரூபாய். போர்டைப் பற்றி எழுதியிருப்பவர்களில் ஒருவன் நம் அத்தை மகன். ‘என் பையனுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது’ என்கிறான். அவனுக்குப் பெண் பார்த்து அத்தை செருப்புத் தேய்ந்தது உனக்கே தெரியும். காலி டப்பாவை அனுப்பி, ஆர்டர் கணக்கைக் காட்டி, காசைத் திருப்பிக் கொடுத்து எழுத வைப்பது இப்போது எல்லாரும் செய்கிறார்கள் என்று சொல்லுவாய். 2020-ல் வந்த ஈ-காமர்ஸ் விதியில் விற்கிறவன் வாங்கினவன் வேஷம் போட்டு ரிவ்யூ எழுதக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. விளம்பரத்தில் சொன்ன மாதிரி இல்லையென்றால் பொருளைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்றும் சொல்ல முடியாது. யாராவது ஒருவர் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டால் போதும், புகார் பதிவாகிவிடும்.

சின்னப் பிள்ளை போர்டுக்கு ‘14 வயதுக்கு மேல்’ என்று ஸ்டிக்கர் ஒட்டுவதும் எதற்கென்று எனக்குத் தெரியும். 2021 ஜனவரியிலிருந்து 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும், அதிலிருந்து நழுவத்தான். படத்தில் ஆறு வயதுக் குழந்தை, பெட்டியில் 14.

கொரியரில் விளையாடினால் உடனே மாட்டிக்கொள்வாய், பாப்பா. சரியான அளவு போர்டின் பெட்டி 92-க்கு 92-க்கு 8 செ.மீ. வரும். கொரியர்காரன் பெட்டியின் அளவையும் எடையாக்கித்தான் காசு போடுவான், மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் பதிமூன்றரை கிலோ. போர்டு எடை அவ்வளவு இல்லையே என்று 60-க்கு 60 போட்டு அனுப்பினால், அவன் மெஷினில் அளந்து மிச்சத்தை உன் கணக்கில் பிடிப்பான். லாபம் போயிற்று. அந்த ஓட்டையை அடைக்கத்தான் பிளையில் கை வைக்கத் தோன்றும். ஒன்று ஒன்றாக அப்படித்தான் போகும். கொரியர் காசைச் சேர்த்தே விலை போடு. உள் அளவைப் போடு.

கடைசியாக அந்தப் பக்கத்தின் படம். ‘சென்னையில் கையால் செய்தது, நாற்பது வருட அனுபவம்’ என்று எழுதி, சட்டத்துக்கு உப்புத்தாள் போடுகிற ஒரு கை. ஆள்காட்டி விரலில் பாதி நகம் இல்லை. அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

திட்டலாம் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். முடியவில்லை. நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு பள்ளிக்கூட ஆர்டர் வந்ததே, இருபது போர்டு. 8 எம்எம் என்று பில் போட்டேன். பலகை 6 எம்எம். நீ பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டிக்கரை உரித்து உரித்துக் கொடுத்தாய். விரலை விட்டுப் பார்த்துவிட்டு, “அப்பா, இது அஞ்சு அடுக்குதானே?” என்று கேட்டாய். “சட்டத்துக்குள்ள இருக்கிறதை யாரு பாப்பா பார்க்கப் போறாங்க” என்றேன். மழை முடிந்து பி.டி. சார் வந்தார், காயெல்லாம் நடுவுக்கே போகிறது என்றார். பவுடர் சரியில்லை சார் என்று சொல்லி இன்னும் இரண்டு டப்பா விற்றேன். அப்போதும் நீ கல்லாப் பக்கத்தில்தான் நின்றாய். அதை மறந்திருப்பாய் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாடி வீடு ஆடியிலிருந்து காலியாகத்தான் இருக்கிறது, பையன் யாரும் இல்லை. போர்டு நம் கூடத்தில் இருக்கிறது. அடியில் இரண்டு குறுக்குச் சட்டம் வைத்து ஒட்டினேன். திருகு மட்டும் போடவில்லை, அந்தப் பலகைக்கு அரை இன்ச் திருகே மேலே வந்துவிடும். அடிப்பக்கமும் வார்னிஷ் கொடுத்தாயிற்று, ஓரளவு நிமிர்ந்திருக்கிறது. பேரன் வந்தால் ஆடலாம்.

படத்தில் என் கை பிடித்திருக்கிற போர்டு 12 எம்எம், பெரிய மாமாவுக்குச் செய்தது. அந்தப் படத்தைப் போட்டே விற்கணும் என்றால் அதே மாதிரி நான் செய்து தருகிறேன். மாதம் நாலு முடியும், மழை மாதத்தில் இரண்டு. பிளைக்கும் சட்ட மரத்துக்கும் முன்பணம் அனுப்பு. மற்றதற்கு அந்தப் படத்தைப் போடாதே.

ஸ்டீல் ஸ்கேல் ஒன்று உன்னிடம்தான் இருக்கிறது, மூன்று அடி ஸ்கேல். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கித்தான் அளந்தேன். கொரியரில் போட்டுவிடு. நீளம் சரியாக எழுது.

அப்பா