நம்ம ஆலயக் கட்டடத்தின் வரலாறு: ஜூன் 29 கூடுகிறோம்

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் 29 ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு காலை 10.30க்கு ஆலய மண்டபத்தில் இருங்கள்.

அந்தத் தேதிக்குக் காரணம் இருக்கிறது. 1814இல் அதே நாளில்தான் முதல் மெதடிஸ்த மிஷனரிகள் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களை அழைத்துவந்த தாமஸ் கோக் வழியிலேயே கப்பலில் இறந்துவிட்டார். மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஆல்ட் ஒரு வருடம்கூட இருக்கவில்லை, 1815 ஏப்ரலில் காலமாகிவிட்டார். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நம்ம சின்ன ஆலயத்தின் கதைதான் எங்கும் இல்லை, அது பெரியவர்களின் வாயில் மட்டும் இருக்கிறது, அதுவும் ஆளுக்கொரு விதமாக.

செய்ய வேண்டியவை:

1. 1978 சூறாவளிக்கு முன் எடுத்த படம் இருந்தால் கொண்டு வாருங்கள். கல்யாணப் படமானாலும் சரி, பின்னால் சுவரும் கூரையும் தெரிந்தால் போதும். அங்கேயே போனில் எடுத்துவிட்டுத் திருப்பித் தருவோம்.
2. பழைய ஞானஸ்நானச் சான்றிதழ், கட்டட நிதி ரசீது.
3. அப்பம்மா, தாத்தாமாரை அழைத்து வாருங்கள். நடக்க முடியாதவர்கள் என்றால் சொல்லுங்கள், ஆட்டோ அனுப்புகிறோம்.
4. கூரையைத் திரும்பப் போட்டபோது கூலி வாங்காமல் வேலை செய்த மேசன்மார், தச்சர்மாரின் பெயர் தெரிந்தவர்கள் இப்போதே இங்கே எழுதுங்கள். ஒரு கல்வெட்டிலும் அவர்கள் இல்லை, எனக்கு அதுதான் பெரிய மனக்குறை.

பழைய பதிவேட்டைப் பார்க்க முகாமைக் குருவிடம் கேட்டிருக்கிறோம்.

வருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் எத்தனை பேர் என்று போடுங்கள், தேநீருக்குக் கணக்கு வேண்டும். கைகூப்பும் படம் மட்டும் போட்டால் எண்ணிக்கையில் சேர்க்கமாட்டேன்!