ஆவண எழுத்தர்கள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்கள் இருவருக்கும் முதலில் அஞ்சலி செலுத்துவோம். இருவரும் முத்திரைத்தாளில் பேனாவால் பத்திரம் எழுதிய காலத்தவர்கள். சர்வே எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால் ஒரு குடும்பம் கோர்ட்டுப் படியேற வேண்டியிருக்கும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள்.

செயற்குழு தவறாமல் கூடியது. புதிய உறுப்பினர்கள் சேர்ந்தனர். காத்திருப்போர் உட்காரக் கூடுதல் பெஞ்சு கேட்டு மனுக் கொடுத்திருக்கிறோம். இவற்றை இத்துடன் நிறுத்திக்கொண்டு, நம் மேசைக்கு வரும் வேலையையே மாற்றியிருக்கும் தீர்ப்புகளுக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் 55-ஏ என்ற விதி 2022-ல் சேர்க்கப்பட்டபோது இங்கே நடந்த கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். விற்பவருக்குச் சொத்து வந்த வழியைக் காட்டும் முந்தைய பத்திரமான தாய்ப்பத்திரத்தின் அசல் இல்லாவிட்டால் பதிவு இல்லை. தொலைந்திருந்தால் போலீஸ் சான்றும் பத்திரிகை விளம்பரமும் வேண்டும் என்றானது. கறையான் அரித்த கிரையப் பத்திரத்தின் துண்டுகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு ஒரு மூதாட்டி என் மேசைக்கு வந்தார். மகளின் மருத்துவச் செலவுக்காகக் கால் கிரவுண்டு மனையை விற்க வேண்டும். அந்தப் பத்திரத்தின் நகல் நம் சார்பதிவாளர் அலுவலகத்தில், சொத்துப் பத்திரங்களைப் பதிந்து வைக்கும் 1ஆம் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனாலும் காவல் நிலையத்துக்கும் அலுவலகத்துக்குமாக அவர் மாதக்கணக்கில் நடந்தார். கறையான் தின்றதைக் ‘காணவில்லை’ என்று எப்படிப் புகார் எழுதுவது என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

2025 ஏப்ரல் 7-ந் தேதி, நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் ஆகியோர் அடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு, பதிவை மறுக்க இடம் கொடுத்த இந்த விதி பதிவுச் சட்டத்துக்கு முரணானது என்று கூறிச் செல்லாததாக்கியது. எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை உண்டா இல்லையா என்று பார்ப்பது சார்பதிவாளரின் வேலை அல்ல. அவருக்கு இல்லாத உரிமை பதிவினால் வாங்குபவருக்கு வந்துவிடவும் செய்யாது என்பது தீர்ப்பின் சாரம். இதை நான் வரவேற்கிறேன். ஆனால் விதி வந்த காரணத்தை மறைக்க மாட்டேன். அசலை வங்கியில் அடமானமாக வைத்துவிட்டு, நகலைக் காட்டி விற்றவர்கள் இருக்கிறார்கள். 2025 ஏப்ரல் இறுதியில், அசல் ஆவணத்தைக் கட்டாயமாக்கும் திருத்த மசோதாவைச் சட்டமன்றமே நிறைவேற்றியது. மத்தியச் சட்டமான பதிவுச் சட்டத்தைத் திருத்துவதால் அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டியிருந்தது. சட்டம் எப்படி வந்தாலும், அசல் எங்கே என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டியவர்கள் நாம். கவுன்டரில் கேட்க மாட்டார்கள் என்பதற்காக நாமும் கேட்காமல் விட்டால், ஏமாறப்போவது நம்மை நம்பி வந்த வாங்குபவர்.

அடுத்தது பதிவுச் சட்டத்தின் 77-ஏ பிரிவு. போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த மாநிலத் திருத்தம். நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். வக்கீல் கட்டணம் கொடுக்க வழியில்லாதவர்களுக்கு நாமே மனு எழுதிக் கொடுத்தோம். 2024-ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்தப் பிரிவை அரசியலமைப்புக்கு விரோதமானது என்று ரத்து செய்துவிட்டது. பத்திரம் போலியா என்பதைச் சாட்சிகளை விசாரித்து முடிவு செய்ய வேண்டியது உரிமையியல் நீதிமன்றம். பதிவு அதிகாரி நீதிபதி ஆகிவிட முடியாது. சட்டப்படி இது சரி என்றே படுகிறது. மனம்தான் ஆறவில்லை. சிவில் வழக்கு எத்தனை ஆண்டு நடக்கும் என்பது நமக்குத் தெரியும்.

இதில் அவசரம் ஒன்று இருக்கிறது. பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்குக்குக் காலவரையறைச் சட்டத்தின் 59ஆம் இனத்தின்படி, மோசடி தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்தான். 2022-ல் விவரம் அறிந்து, மாவட்டப் பதிவாளரிடம் மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் ஒருவருக்கு அந்தக் கெடு 2025-லேயே முடியலாம். நம் கையால் மனு எழுதிச் சென்ற ஒவ்வொருவரையும், பழைய குறிப்பேட்டைப் பார்த்துத் தேடிப் பிடித்து, உடனே ஒரு வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். இதை வேண்டுகோளாக அல்ல, சங்கத்தின் முடிவாகவே பதிவு செய்கிறேன்.

மூன்றாவது, செட்டில்மெண்ட்; அதாவது குடும்பத்தினருக்குச் சொத்தை விலையின்றி எழுதிக் கொடுக்கும் பத்திரம். பெற்றோரைப் பராமரிக்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் திரும்பப் பெறலாம். நிபந்தனை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டுமா என்பதில்தான் இத்தனை காலம் சிக்கல். நாகப்பட்டினத்தைச் சேர்ந்த முதிய தாய் ஒருவரின் வழக்கில், எழுதாவிட்டாலும் அன்பும் பாசமுமே உள்ளுறை நிபந்தனை என்று உயர்நீதிமன்ற அமர்வு 2025 மார்ச் மாதம் கூறியது. “அன்பின் மிகுதியால்” என்று ஆயிரம் பத்திரங்களில் யோசிக்காமல் எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு இத்தனை கனம் உண்டு என்று இப்போதுதான் உறைத்தது. இருந்தாலும் தீர்ப்பை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். உணவு, மருத்துவம், அந்த வீட்டிலேயே ஆயுள்வரை குடியிருக்கும் உரிமை ஆகியவற்றைத் தனிப் பத்தியாக எழுதுங்கள். பக்கத்தில் நிற்கும் மகன் முகம் சுளித்தாலும், பெரியவரைத் தனியே உட்காரவைத்து ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.

2025 ஏப்ரல் 1 முதல், பத்து லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்து பெண்கள் பெயரில் பதிவானால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. பத்து லட்சத்துக்கு 20,000 ரூபாய் கட்டிய இடத்தில் இனி 10,000. ஏழு சதவீத முத்திரைத் தீர்வையில் மாற்றமில்லை. கேட்காதவர்களுக்கும் சொல்லுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன மூதாட்டியின் மனை, தீர்ப்புக்கு முன்பே, போலீஸ் சான்று கிடைத்துப் பதிவாகிவிட்டது. அவர் விட்டுச்சென்ற அந்தப் பை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இனி, வரவு செலவுக் கணக்கை வாசிக்கப் பொருளாளரை அழைக்கிறேன்.