தவணைக் காசைத் தையிலேயே தாருங்கள்

வீட்டுத்திட்டத்துக்குப் பட்டியல் போட்டு, தவணை பிரித்து, காசு விடுவிக்கும் அதிகாரிகளுக்கு,

ஐயா, அம்மா, வணக்கம்.

நான் திருகோணமலை மாவட்டத்தில் மூதூர் பக்கம், கொட்டியாரக்குடாவுக்குக் கிட்ட இருக்கிறேன். உங்கள் திட்டத்தில் வீடு கிடைத்து, கட்டி முடித்து, இப்போது அதில் குடியிருக்கும் ஆள். அந்த உதவி வந்திராவிட்டால் என் பிள்ளைகள் இன்னும் தகரக் கொட்டிலில்தான் படித்துக்கொண்டிருப்பார்கள். அதை மறக்க மாட்டேன். கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான்: தவணைக் காசு வரும் மாதத்தை மாற்றித் தாருங்கள்.

2023 சித்திரையில் எங்கள் பெயர் பட்டியலில் வந்தது. உறுதிப் பத்திரம், கிராம சேவகரின் கடிதம், ஒப்பந்தக் கையெழுத்து என்று புரட்டாதி வரை அலைந்தோம். முதல் தவணை வங்கியில் விழுந்தது ஒக்டோபர் மூன்றாம் கிழமை. அடுத்த நாளே மேசன் அண்ணனைக் கூட்டிவந்து நூல் கட்டினோம். அத்திவாரக் கிடங்கு வெட்டி முடிய ஐந்து நாள் போனது. ஆறாம் நாள் இரவு மழை பிடித்தது.

எங்கள் காணி மணல் தரை. மாரியில் இரண்டு முழம் தோண்டினாலே ஊற்று வந்துவிடும். விடியப் போய்ப் பார்த்தால் கிடங்கின் இரண்டு கரையும் இடிந்து உள்ளே சரிந்து கிடந்தன. வெட்டின இடம் எது, வெட்டாத இடம் எது என்றே தெரியவில்லை. கட்டின நூல் மட்டும் தண்ணீருக்கு மேலே விறைப்பாக நின்றது. வாளியால் இறைத்தோம். இறைக்க இறைக்க ஊறியது. பிறகு பம்பு வாடகைக்கு எடுத்து, கிடங்கை இரண்டாம் தடவை வெட்டினோம். அந்தக் கூலி எந்த மதிப்பீட்டிலும் இல்லை.

அப்புறம் சீமெந்து. பதினைந்து பை வாங்கி, கொட்டிலுக்குள் பலகை போட்டு அடுக்கி, தறப்பாளால் மூடி வைத்தோம். தண்ணீர் படவில்லை. ஆனால் மாரிக்காலத்து ஈரக் காற்றே போதும். மூன்று கிழமை கழித்து மேசன் அண்ணன் ஒவ்வொரு பையாக உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். நல்ல பை அமுங்கும். ஆறு பை கல்லுத் தட்டின மாதிரிச் சத்தம் போட்டன. என் காப்பு இரண்டையும் அடகு வைத்துத்தான் வேறு பை எடுத்தோம்.

மழை விடும் வரை பொறுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பொறுக்க விடவில்லையே. லிண்டல் மட்டத்துக்கு, அதாவது கதவு, யன்னலின் தலைமட்டத்துக்கு, சுவர் எழும்பினால்தான் இரண்டாம் தவணை, அதையும் வருட முடிவுக்குள் எடுக்காவிட்டால் காசு திரும்பிப் போய்விடும் என்று சொன்னார்கள். அந்தப் பயத்தில் மழை விட்ட நேரமெல்லாம் கல் வைத்தோம். ஒரு நாள் பின்னேரம் வாடையோடு அடித்த மழையில் மேற்குச் சுவரின் மேல் நாலு வரியும் சரிந்தன. விழாமல் நின்ற வரியில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மேசன் அண்ணன் ஆணியால் கீறிக் காட்டினார். சாந்து ஈரச் சீனி மாதிரி உதிர்ந்தது. இறுகுவதற்கு முதலே சீமெந்துப் பாலை மழை கழுவிவிட்டதாம். அவரே அந்த வரிகளையும் உடைத்து எடுத்தார். அரைச்சுவரில் கை வைத்தபடி அவர் பேசாமல் நின்றதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அவருக்கும் அது நாள்கூலி இல்லாத நாள்.

இத்தனைக்கும் அந்த மாரியில் எங்களைப் புயல் எதுவும் அடிக்கவில்லை. வழக்கமான மழைதான். திருகோணமலையில் வருடத்துக்கு ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் ஒக்டோபர், நவம்பர், டிசெம்பர் ஆகிய மூன்று மாதத்துக்குள் கொட்டிவிடும். புயல்களும் இந்தக் காலத்தில்தான் வருகின்றன. 1964 டிசெம்பரில் வந்த பெரும் புயலைப் பற்றி எங்கள் அம்மம்மா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். 2000 டிசெம்பர் 26 இல் ஒரு புயல் திருகோணமலைப் பக்கமாகவே கரையேறியது. 2020 டிசெம்பர் 2 இல் புரெவி வந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்து மூதூர், வெருகல், கிண்ணியா எல்லாம் வெள்ளமானதை நீங்களே வந்து பார்த்தீர்கள். அரசாங்கத்தின் நிதியாண்டு டிசெம்பர் 31 இல் முடிகிறது. அந்தக் கணக்கை முடிக்கும் அவசரம் எங்கள் அடைமழைக்குள் வந்து விழுகிறது.

இந்த மாவட்டத்தில் வீடு கட்ட ஏற்ற காலம் மாசி தொடங்கி ஆவணி வரைதான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெயில் கொளுத்தும், கட்டின சுவருக்கு ஏழு நாளாவது தண்ணீர் ஊற்ற வேண்டும், கிணறும் கீழே போய்விடும். சரி, அதைச் சமாளிக்கலாம். குடத்தில் சுமந்தாவது ஊற்றலாம். அந்த நேரம் மகாவலியிலும் தண்ணீர் குறைவு, ஆற்று மணல் எடுக்கலாம். மாரியில் ஆறு பெருகினால் மணல் லோட் வராது, வந்தாலும் விலை கேட்க முடியாது. வேலையாட்களும் அப்படித்தான். பெரும்போக விதைப்புத் தொடங்கினால் பாதிப் பேர் வயலுக்குப் போய்விடுவார்கள்.

ஆகவே பட்டியலையும் கடிதங்களையும் மாரியில் முடியுங்கள். அது மேசை வேலை, மழை தடுக்காது. முதல் தவணையைத் தை மாதத்திலேயே விடுங்கள். புரட்டாதிக்கு முதல் கூரை ஏறிவிடும். ஏதோ காரணத்தால் பிந்திவிட்டால், ஒக்டோபருக்குப் பிறகு காசு கிடைத்தவர்களுக்கு அடுத்த சித்திரை வரை தவணைக் கெடுவை நீட்டித் தாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. முழு வீட்டையும் லிண்டலுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அடுத்த காசு என்ற விதியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஒரு அறையை மட்டும் முதலில் முழுதாக எழுப்பி, கூரை போட விடுங்கள். அதற்குள் சீமெந்தும் இருக்கும், பிள்ளைகளும் இருப்பார்கள். எங்களுக்கு அந்த ஒரு அறை இருந்திருந்தால் அந்த ஆறு பையும் என் காப்பும் தப்பியிருக்கும். காப்பை இன்னும் மீட்கவில்லை.

என் மச்சாளின் பெயர் இப்போது புதிய பட்டியலில் இருக்கிறது. கைக்குழந்தையோடு இருக்கிறாள். காணியைத் துப்புரவாக்கி, நாலு மூலைக்கும் கட்டை அடித்து வைத்திருக்கிறாள். எப்போது காசு வரும் என்று கேட்டதற்கு "வருட முடிவுக்குள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தயவுசெய்து அவளுக்கும் அந்தப் பட்டியலில் இருக்கும் மற்றவர்களுக்கும் தையில் ஒரு திகதி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மூதூர் பக்கமிருந்து ஒரு பயனாளி