தாலி கட்டிய கையோடு ஃபோலிக் அமில மாத்திரையைக் கொடுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டச் சுகாதார அலுவலர்களுக்கு,

வணக்கம். பாலக்கோடு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். என் தம்பி மகளுக்கு இப்போது நாலு வயது. பிறக்கும்போதே இடுப்புக்குக் கொஞ்சம் மேலே நீர்க்கட்டி மாதிரி ஒன்று வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. தண்டுவடம் மூடாமல் பிறந்திருக்கிறாள், ஸ்பைனா பிஃபிடா என்றார்கள். ஆபரேஷன் முடிந்தது. ஆனாலும் கால் இரண்டிலும் பலம் இல்லை, சிறுநீர் போவது அவளுக்குத் தெரியாது. வாய் மட்டும் ஓயாது, வீட்டில் எல்லோருக்கும் அவள்தான் செல்லம். அவள் பிறந்ததில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டாள். அது இன்னும் என்னை விடவில்லை.

அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. நாள் தள்ளி 20 நாள் ஆனதுமே நர்சம்மாவிடம் சொல்லி கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி நம்பர் வாங்கினாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செவ்வாய்க்கிழமை செக்கப்புக்குத் தவறாமல் போனாள், கொடுத்த மாத்திரையை எல்லாம் விழுங்கினாள். எங்கள் அம்மாவே அவளிடம் போய், கிரகணத்தன்று வெளியே வந்தாயா, கத்தி அரிவாள் எதையாவது தொட்டாயா என்று கேட்டு அழவைத்தார்.

அப்புறம் ஒரு டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். கருவில் மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய் ஒன்று இருக்கிறது, கரு தங்கி 28 நாளுக்குள் அது மூடிவிட வேண்டும், மூடாமல் விட்டால் அப்புறம் மூடாது. மாதவிலக்கு வரவில்லை என்று ஒரு பெண்ணுக்குத் தெரியும்போதே கருவுக்கு 2 வாரம் ஆகியிருக்கும். இன்னும் ரெண்டு வாரம் போகட்டும், பார்க்கலாம் என்று எல்லா வீட்டிலும்தான் சொல்வோம், அந்த ரெண்டு வாரத்தில் எல்லாம் முடிந்துபோகிறது. தம்பி மனைவி கையில் முதல் மாத்திரை வந்தபோது அந்த 28 நாள் கடந்துவிட்டிருந்தது.

இதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஏனென்றால் அந்தக் குழாய் சரியாக மூட உதவுகிற ஃபோலிக் அமிலம் நம் ஊருக்கு வராத மருந்து இல்லை. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நீல மாத்திரை கொடுக்கிறார்களே, அதில் இரும்புச்சத்தோடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் எங்கள் பெண்களுக்கு அது நின்றுவிடுகிறது. கல்யாணம் ஆகிறது, கரு தங்குகிறது, நாள் தள்ளுகிறது, பதிவு செய்கிறாள், அதற்கப்புறம்தான் மறுபடியும் மாத்திரை. எந்த மாதங்களில் அது உடம்பில் இருந்தே ஆகவேண்டுமோ அந்த மாதங்களில் மட்டும் இல்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்காக 12 வாரத்துக்குள் பதிந்துவிட வேண்டும் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும், அது நல்லதுதான், ஆனால் 12 வாரம் இந்த விஷயத்துக்கு ரொம்பத் தாமதம்.

கரு தங்குவதற்கு ஒரு மாதமாவது முன்னாலிருந்து முதல் 3 மாதம் முடிகிறவரை தினமும் 400 மைக்ரோகிராம். இவ்வளவுதான் தேவை. எல்லாப் பிறவிக் குறையையும் இது தடுத்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே இப்படிக் குழந்தை பிறந்த பெண்களை வைத்து 7 நாடுகளில் நடந்த ஆய்வு 1991இல் வெளியானது, கரு தங்கும் முன்பிருந்தே தினமும் 4 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு மறுபடியும் அப்படி வருவது 72 சதவீதம் குறைந்தது. அந்தக் கூடுதல் அளவு முன்பு பாதிப்பு வந்தவர்களுக்கு, அதுவும் டாக்டர் சொல்லித்தான்.

நான் கேட்பதற்குப் புதுத் திட்டம் எதுவும் வேண்டாம். ஊருக்குள் மருமகளாக ஒரு பெண் வந்தால் கிராம சுகாதார செவிலியர் வந்து தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில் பெயர் எழுதுகிறார். அன்றைக்கே அந்த மாத்திரையைக் கையில் கொடுத்து, எதற்கு என்று சொல்லிவிட்டுப் போகட்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. என் மாமனாருக்குப் பிரஷர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. கொண்டுவருகிற அந்தப் பையில் புதுப்பெண்ணுக்கும் ஒரு மாத்திரை அட்டை இருக்கட்டும்.

ஆனால் சும்மா கொடுத்துவிட்டுப் போனால் போதாது. கல்யாணமான புதிதில் ஒரு பெண் தினமும் மாத்திரை போட்டால், குழந்தை வேண்டாம் என்று தள்ளிப்போடுகிறாள் என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். மாமியார் பார்வைக்குப் பயந்தே பாதிப் பெண்கள் குப்பையில் போட்டுவிடுவார்கள். அதனால் முதலில் மாமியாரிடம் பேசுங்கள். சுயஉதவிக் குழுக் கூட்டத்தில், நூறு நாள் வேலை நடக்கிற இடத்தில், "இது பேரன் பேத்தி முதுகெலும்புக்கு, கருத்தடை இல்லை" என்று அப்படியே சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரை மாதிரி இது மலத்தைக் கறுப்பாக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், எங்கள் பக்கம் அந்தப் பயம் நிறைய. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் தெலுங்கிலும் கன்னடத்திலும் சொல்ல வேண்டியிருக்கும்.

சாப்பாட்டிலேயே கிடைக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்கும், கீரை, தட்டைப்பயறு, கொள்ளு எல்லாவற்றிலும் இந்தச் சத்து இருக்கிறது. ஆனால் வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினால் அதில் நிறையப் போய்விடும். ஓசூர் பக்கம் கன்னடம் பேசுகிற வீடுகளில் அந்தத் தண்ணீரிலேயே பஸ்ஸாரு என்கிற குழம்பு வைத்து களிக்கு ஊற்றிக்கொள்கிறார்கள், எவ்வளவு நல்ல பழக்கம்! ரேஷனில் வந்த செறிவூட்டிய அரிசியை பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிந்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று, அதில் ஃபோலிக் அமிலம் சேர்த்திருந்தது யாருக்கும் தெரியாது. எறிந்திருக்கக் கூடாது. ஆனால் எறியாமல் தின்றிருந்தாலும் கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம்தான். ஒருநாள் சோற்றில் அது மாத்திரைக்கு ஈடாகாது.

இன்னொன்று, கல்யாணமான கையோடு பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகிற ஜோடிகள் நம் இரண்டு மாவட்டத்திலும் எத்தனையோ பேர். பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும்தான் ஊருக்கு வருவார்கள். அவர்களுக்கு 3 மாதத்துக்கு உண்டானதை மொத்தமாகக் கொடுத்து அனுப்ப வழி செய்யுங்கள்.

தம்பி மனைவி அடுத்த குழந்தைக்கு முன்பே டாக்டர் எழுதித் தந்ததைப் போட ஆரம்பித்துவிட்டாள், காலண்டரில் தினமும் ஒரு கோடு போடுகிறாள். வரும் தை மாதம் எங்கள் தெருவில் மட்டும் 3 கல்யாணம், பத்திரிகை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அதற்குள் எங்கள் நர்சம்மா கையில் அந்த மாத்திரை வந்து சேருமா?

இப்படிக்கு,
பாலக்கோடு பக்கத்து அத்தை ஒருத்தி