வினாக்கொத்தோடு தோட்டத்துக்கு வருகிற ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆய்வு செய்ய வரும் பல்கலைக்கழகத் தம்பி தங்கைகளுக்கும், அவர்களை அனுப்பிவைக்கும் விரிவுரையாளர்களுக்கும் வணக்கம்.

எண்ணிக் கணக்கெடுக்கிற அளவுசார் ஆய்வா, உட்கார்ந்து கதை கேட்கிற பண்புசார் ஆய்வா, எது உசத்தி என்று நீங்கள் வாதாடுவது எங்கள் காதுக்கும் வருகிறது. தோட்டத்து மக்களான எங்களுக்கு இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டையும் அரைகுறையாகச் செய்துவிட்டுப் போகிறீர்கள், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எண்ணிக்கையில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் 2016 குடித்தொகை சுகாதார ஆய்வைப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாடு முழுக்க 17.3 சதவீதம், தோட்டத்துறையில் 31.7. இது யாரிடம் உட்கார்ந்து கதைத்தாலும் வெளியே வராது, ஏனென்றால் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பக்கத்துக் காம்பராப் பிள்ளையும் அதே உயரம் என்றால் தன் பிள்ளை வளரவில்லை என்று ஒரு தாய்க்கு எப்படித் தோன்றும்? அளந்து பார்த்ததால்தான், அதுவும் நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்துப் பார்த்ததால்தான் தெரிந்தது. ஆனால் ஏன் 31.7 என்பதை அட்டவணை சொல்லாது. பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில்) விட்டுவிட்டு மலைக்கு ஏறுகிற தாய் எத்தனை மணிக்குப் பால் கொடுக்க வருகிறாள், இராத்திரிச் சாப்பாட்டில் கடைசியாக யாருக்கு மிஞ்சுகிறது, இதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

அப்புறம் அந்த "மாத வருமானம் எவ்வளவு?" என்ற கேள்வி. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானி வந்ததும், அதை மாதத்துக்கு 25 வேலை நாள் என்று பெருக்கிக் கட்டத்தை நிரப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும், எல்லா மாதமும் ஒரே அளவு வேலை நாள் கிடைக்காது, கிடைத்ததிலும் சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், தேயிலைத்தூள் என்று வெட்டு விழும், ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கையில் தரும் கைக்காசு தனிக் கணக்கு. இவ்வளவையும் ஒரே எண்ணாகக் கேட்டால் கொழுந்து எடுக்கிற பெண் வாய்க்கு வந்த ஒன்றைச் சொல்வாள், நீங்கள் அதற்குச் சராசரி எடுப்பீர்கள். சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்லி, வரி வரியாக அவளையே விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். ஒரே சீட்டில் எண்ணும் கிடைக்கும், கதையும் கிடைக்கும்.

நேரமும் முக்கியம். காலை பத்து மணிக்கு லயத்துக்கு வந்தால் வயதானவர்களும் சுகமில்லாதவர்களும்தான் இருப்பார்கள், கொழுந்து எடுப்பவர்கள் மலையில் நிற்பார்கள், நீங்கள் கேள்வி கேட்கத் தெரிவுசெய்யும் ஆட்களின் தொகுதி (மாதிரி) அங்கேயே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. மாலையில் கொழுந்து நிறுவை முடிந்து, அடுப்பு வேலையும் முடிந்த பிறகு வாருங்கள். வரும்போது தோட்ட உத்தியோகத்தரைக் கூட்டி வராதீர்கள், அவர் பக்கத்தில் நின்றால் எல்லோரும் "பிரச்சினை இல்லை" என்றுதான் சொல்வார்கள். குழுக் கலந்துரையாடல் என்றால் பெண்களைத் தனியாக உட்கார வையுங்கள், இல்லாவிட்டால் சங்கத் தலைவர் ஒருவரே பேசி முடிப்பார், உங்கள் குறிப்பில் அது பத்துப் பேர் கருத்தாகிவிடும்.

இன்னொன்று, முடிவுகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதித் திரும்பக் கொண்டு வாருங்கள். பட்டத்துக்குச் சமர்ப்பிக்கும் முன்பே, கோயில் முன்னால் வைத்து வாசித்துக் காட்டுங்கள். எந்த எண் பிழை, எந்தப் பதில் பயத்தில் சொன்னது என்று எங்கள் பெண்களே திருத்தித் தருவார்கள்.