அண்ணாவுக்கு: அந்தக் கடைசி ஒரு யார்டு பற்றி

அன்புள்ள அண்ணா,

சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் கால்பந்து ஆட்டங்களுக்கான நம்முடைய இரண்டு சீசன் டிக்கெட்டுகளையும் இந்த வருடம் நான் புதுப்பிக்கவில்லை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேச ஆரம்பித்தால் அம்மா விஷயம் வந்துவிடுகிறது, அதன்பின் நாம் இருவருமே மற்றவர் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை. அதனால் எழுதுகிறேன். ஊர் பார்க்க எழுதுகிறாளே என்று உனக்குக் கோபம் வரும். "லைன் என்றால் என்னவென்று என் தங்கைக்கு இன்னும் புரியவில்லை" என்று உன் நண்பர்கள் எல்லோரும் படிக்கும்படி எழுதியது நீ. சபையில் சொன்னதற்குச் சபையில்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்த இருக்கைகளைப் பிடித்ததும் நீதான். மைதானத்தின் ஒரு கோடியில், எண்ட் ஸோனுக்குப் பின்னால், உச்சியில். அங்கிருந்து பார்த்தால் பந்து எவ்வளவு தூரம் போனது என்றே தெரியாது. ஆனால் லைனில் எந்த இடத்தில் வழி திறக்கிறது, எந்த இடத்தில் அடைபடுகிறது என்பது பளிச்சென்று தெரியும். நான் பக்கவாட்டில் உட்கார்ந்து, பந்து காற்றில் போவதைப் பார்க்க ஆசைப்பட்டவள். உனக்காகத்தான் அங்கே உட்கார்ந்தேன். நீ டல்லஸுக்குப் போன பிறகும் அங்கேயே உட்கார்ந்தேன்.

அமெரிக்கக் கால்பந்து தெரியாத நம் சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகச் சில வரிகள், நீ தாண்டிப் போ. பந்தை எறிபவன் குவார்ட்டர்பேக். அவனுக்கு முன்னால் வரிசையாக நிற்கும் ஐந்து பேர் அஃபென்சிவ் லைன்: நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள். எதிரணி பாய்ந்து வந்து குவார்ட்டர்பேக்கைச் சாய்க்காமல் தடுப்பதும், பந்தோடு ஓடுபவனுக்கு வழி திறந்துவிடுவதும் இவர்கள் வேலை. எறிவதற்கு முன்பே அவனைச் சாய்த்துவிட்டால் அது சாக். சென்டரைத் தவிர மற்ற நால்வரும் பெரும்பாலும் பந்தைத் தொடாமலே ஆட்டத்தை முடிப்பார்கள். ஒலிபெருக்கியில் அவர்கள் எண் கேட்டால், ஹோல்டிங் என்று அணியைப் பத்து யார்டு பின்னுக்குத் தள்ளப்போகிறார்கள் என்று அர்த்தம்.

அணிகள் முறைவைத்துக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட், 2021 ஏப்ரலில் நடந்ததை உனக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஐந்தாவது தேர்வு நம் பெங்கால்ஸ் கையில். முந்தைய நவம்பரில் நம் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவின் முழங்கால் போனதை இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். அவனைக் காப்பாற்ற டேக்கிள் பெனே சூவெல் வேண்டும் என்றாய். கல்லூரியில் பர்ரோ எறிந்ததையெல்லாம் பிடித்த ஜமார் சேஸ் வேண்டும் என்றேன். சேஸ் வந்தான். சூவெல் ஏழாவதாக டெட்ராய்ட்டுக்குப் போனான். அண்ணி ஊற்றிய தோசையைத் தொடாமல் நீ மாடிக்குப் போய்விட்டாய்.

அந்தப் பருவத்தில் பர்ரோ 51 முறை சாக் ஆனான். லீகிலேயே அதிகம். தோற்றால் வெளியேற வேண்டிய பிளேஆஃப் சுற்றில் டென்னசி அணி அவனை ஒன்பது முறை சாய்த்தது, ஆனாலும் 19-16 என்று நாம்தான் ஜெயித்தோம். லைன் இல்லாமலே ஜெயிக்கலாம் என்று அன்றிரவு நான் உனக்கு அனுப்பிய செய்தி உன்னிடம் இன்னும் இருக்கும். அன்றைக்கு அது பொய் இல்லை.

பிறகு பிப்ரவரி 13, 2022. சூப்பர் பவுல், லீகின் இறுதி ஆட்டம்.

மேசன் ஊரில் இருந்த வீட்டின் பேஸ்மென்ட். அம்மா அந்தச் சாய்வு நாற்காலியில், கால்மேல் உன் பழைய ஸ்வெட்டரைப் போர்த்திக்கொண்டு. எதிரணியான ராம்ஸ் பர்ரோவை ஏழு முறை சாய்த்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் அம்மா "அந்தப் பையனை ஏன் இப்படிப் போட்டு அமுக்குகிறார்கள், அவனுக்கு அம்மா இல்லையா?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. 23-20, நாம் மூன்று புள்ளி பின்னால். ஒரு நிமிடத்துக்கும் குறைவு. நடு மைதானத்தில் நிற்கிறோம். பந்து நம்மிடமே இருக்க ஒரு யார்டு வேண்டும், ஒரே ஒரு யார்டு. மூன்றாவது முயற்சியில் பந்தோடு பெரைனை ஓடவிட்டார்கள், ராம்ஸின் ஆரன் டொனால்ட் பிடித்துக்கொண்டார். நான்காவது, கடைசி முயற்சி. ஆரன் டொனால்ட் உள்பக்கமாகக் கார்டைத் தாண்டிவந்து பர்ரோவின் சட்டையைப் பிடித்துச் சுழற்றினார். சுழன்றபடியே அவன் எறிந்த பந்து தரையில் விழுந்தது. டொனால்ட், சாம்பியன் மோதிரம் போடப்போகும் தன் மோதிர விரலைக் காட்டியபடி ஓடினார்.

நீ ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினாய். படத்தை நிறுத்தினாய். எழுந்து போய் திரையில் விரலை வைத்தாய். டொனால்டின் கை கார்டின் தோளைத் தாண்டிவிட்ட இடம். "பார், இங்கேதான் போயிற்று" என்றாய். நானும் எழுந்து வந்து, அதே படத்தில் மேலே, ஓரத்தில், என் விரலை வைத்தேன். அங்கே சேஸ் தன்னைக் காத்து நின்ற ஜேலன் ராம்சியைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. பந்து மட்டும் வந்திருந்தால் அது டச்டவுன், சூப்பர் பவுல், சின்சினாட்டியின் முதல் கோப்பை. உன் கண்ணாடியில் திரையின் வெளிச்சம் விழுந்து உன் கண்கள் எனக்குத் தெரியவில்லை. "அவனுக்கு இன்னும் ஒரு நொடி கொடுத்திருந்தால்?" என்றாய். "சேஸ் இல்லையென்றால் இங்கே வந்தே இருக்க மாட்டோம்" என்றேன். நீ குரலை உயர்த்தினாய். நானும்தான். உன் பெரியவன் அழ ஆரம்பித்தான்.

அன்று அம்மாவைக் கைப்பிடித்து மாடிப்படி ஏற்றிக் கூட்டிப்போனது யார், அண்ணா? அதைக்கூட மூன்றாவது மனிதரிடம் நியாயம் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டோம்.

இருக்கட்டும். ஆட்டத்துக்கு வருகிறேன். நான் சும்மா இருக்கவில்லை, இத்தனை காலமாக யோசித்துப் பார்த்துவிட்டேன்.

முதலில் நீ சொல்வது. கன்சாஸ் சிட்டி 2021 பிப்ரவரியில் வழக்கமான டேக்கிள்கள் இருவரும் காயத்தால் இல்லாமல் சூப்பர் பவுலுக்கு வந்தது. அவர்களுடைய குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் எறிய முடியாமல் அங்குமிங்கும் ஓடியே களைத்தான். 31-9 என்று தோல்வி. பிறகு ஒரே கோடையில் லைன் முழுவதையும் மாற்றினார்கள். இரண்டு வருடம் கழித்து, பருவம் முழுவதும் 70 சாக் எடுத்த ஃபிலடெல்ஃபியாவால் மஹோம்ஸை ஒருமுறைகூடச் சாய்க்க முடியவில்லை. கோப்பை கன்சாஸ் சிட்டிக்கு. அதே ஃபிலடெல்ஃபியா 2025 பிப்ரவரி சூப்பர் பவுலில் ஒரு பிளிட்ஸ்கூட அனுப்பாமல், அதாவது பின்னால் நிற்பவர்களைப் பாயவிடாமல், முன்வரிசை ஆட்களை மட்டும் வைத்து அவனை ஆறு முறை சாய்த்தது. அன்று கன்சாஸ் சிட்டியின் இடது டேக்கிள் இடத்தில் நின்றவர் உண்மையில் ஒரு கார்டு. உலகத்திலேயே சிறந்த குவார்ட்டர்பேக்குக்கு இது இரண்டு முறை நடந்திருக்கிறது. நீ சொல்வதை நான் ஏற்றுக்கொள்கிறேன். முழுமனதோடுதான்.

ஆனால் ஜோ தாமஸுக்கு என்ன சொல்வாய்? நம் மாநிலத்திலேயே, கிளீவ்லாந்தில், 10,363 ஸ்னாப்கள், அதாவது பந்து கிளம்பும் ஒவ்வொரு முறையும், ஒன்றுகூட விடாமல் இடது டேக்கிளாக நின்றவர். ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஆடியதில்லை. அந்தோனி முன்யோஸுக்கு என்ன சொல்வாய்? நம் பெங்கால்ஸ்காரர். அந்த இடத்தில் அவரைவிடச் சிறந்தவர் பிறக்கவில்லை என்று நீயே சொல்வாய். இரண்டு சூப்பர் பவுல் ஆடினார், இரண்டிலும் சான் ஃபிரான்சிஸ்கோவிடம் தோல்வி. மறுபக்கம் பிட்ஸ்பர்க், 2008 பருவத்தில் குவார்ட்டர்பேக் ராத்லிஸ்பர்கர் 46 முறை சாக் ஆகியும் கோப்பையைத் தூக்கினார்கள்.

இதையெல்லாம் அடுக்கி உன்னை மடக்கப் பார்க்கவில்லை. நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். வலுவான லைன் இல்லாமல் ஒரு ஆட்டம் ஜெயிக்கலாம், மூன்றுகூட ஜெயிக்கலாம், நாம் ஜெயித்தோம். ஆனால் லைன் என்பது ஐந்து பேரில் யார் சிறந்தவன் என்பதைப் பொறுத்தது அல்ல, யார் பலவீனமானவன் என்பதைப் பொறுத்தது. எதிரணிக்கு ஒரு ஓட்டை போதும். பருவம் முழுவதும் அதை மறைக்கலாம், விரைவாக எறியலாம், ஓட்டத்தை அதிகமாக்கலாம். பிப்ரவரியில் எதிரே டொனால்ட் நிற்கும்போது மறைக்க இடமில்லை. அப்படியென்றால் 2021-இல் சூவெல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவன் டேக்கிள். ஓரத்தில் நிற்பவன். டொனால்ட் நுழைந்தது உள்ளே, கார்டு நின்ற இடத்தில். நீ திரையில் விரல் வைத்த இடத்தைத் திரும்பப் பார். அந்த ஓட்டையை உன் சூவெல் அடைத்திருக்க மாட்டான்.

கன்சாஸ் சிட்டி அந்தக் கோடையில் செய்தது வேறு. ஒருவனைப் பணம் கொடுத்து, ஒருவனை வேறு அணியோடு வர்த்தகத்தில், சென்டரை டிராஃப்டின் இரண்டாம் சுற்றில், வலது கார்டை ஆறாம் சுற்றில் என்று ஐந்து இடத்தையும் அடைத்தார்கள். லைன் வேண்டும் என்பதில் நீ சரி. ஐந்தாவது தேர்வில் ஒரு ஆளை எடுத்தால் லைன் வந்துவிடும் என்று நினைத்ததில்தான் எனக்கு உடன்பாடில்லை.

நம் ஆட்களும் முயன்றார்கள், 2022-இல் மூன்று பேரைப் பணம் கொடுத்துக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஜனவரியில் கன்சாஸ் சிட்டிக்குப் போனபோது வழக்கமாக ஆடுபவர்களில் மூன்று பேர் காயம். பர்ரோ ஐந்து முறை சாய்ந்தான், மறுபடி 23-20 என்று தோல்வி. அந்த ஆட்டத்தை நாம் எங்கே இருந்து, எந்த நிலையில் பார்த்தோம் என்பதை இங்கே எழுத மாட்டேன். சித்தியும் மாமாவும் படிப்பார்கள். அவர்களுக்குச் சொல்லாத சில விஷயங்கள் அந்த மருத்துவமனை அறையோடு இருக்கட்டும்.

ஆனால் இதை எழுதாமல் விட முடியவில்லை. பெயர் கேட்காமல், கைதட்டல் கேட்காமல் நின்று தடுப்பவர்களைப் பற்றி எத்தனை வருடமாக என்னிடம் பேசியிருக்கிறாய். அம்மாவின் மாத்திரைகளை நேரப்படி எடுத்து வைத்ததும், இரவில் அவள் எழுந்தால் எழுந்ததும், இன்ஷூரன்ஸ்காரர்களோடு மணிக்கணக்கில் போனில் மன்றாடியதும் என் வீட்டில் நடந்தது. நீ ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவாய், அம்மா முகம் மலர்வாள், அன்று முழுவதும் உன் பேச்சுதான். டச்டவுன் உனக்கு. நான் கஷ்டப்பட்டேன் என்று சொல்ல இதை எழுதவில்லை. லைனைப் பற்றி அவ்வளவு தெரிந்த உனக்கு இது மட்டும் எப்படிக் கண்ணில் படவில்லை என்றுதான் எனக்குப் புரியவில்லை.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். நீ டல்லஸுக்குப் போனது ஆசைப்பட்டு அல்ல. இரவு நேரத்துக்கு வந்த நர்ஸின் சம்பளம் கடைசிவரை உன் கணக்கிலிருந்து போனது. இதை நம் வீட்டில் யாரிடமும் நான் சொன்னதில்லை, நீயும் சொன்னதில்லை. இப்போது எல்லோருக்கும் தெரியட்டும். காரியம் முடிந்த அன்று, கூடத்தில் அத்தனை பேர் முன்னால் உன்னிடம் நான் பேசிய பேச்சுக்கு மன்னித்துக்கொள். அதில் ஒரு வார்த்தை அதிகம், எந்த வார்த்தை என்று உனக்குத் தெரியும். மற்ற வார்த்தைகளை நான் திரும்பப் பெறவில்லை.

சென்ற பருவம் பக்கத்து இருக்கையில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வேறு வேறு ஆள். நல்லவர்கள்தான். இடது கார்டு ஏன் உள்ளே இழுபடுகிறான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. யாரிடமும் சொல்லாமல் அங்கே தனியாக உட்கார்ந்து லைனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கற்றுக்கொடுத்தபடி, பந்து கிளம்பியதும் பந்தைப் பார்க்காமல், முதலில் சென்டர், பிறகு கார்டுகள், பிறகு ஓரம். இனி என்னால் வேறு மாதிரி பார்க்க முடியாது. அதற்காக உன்மேல் எனக்கு எவ்வளவு அன்போ அவ்வளவு எரிச்சல்.

2024-இல் சேஸ் 1,708 யார்டு, 17 டச்டவுன். பிடித்த பந்துகள், யார்டுகள், டச்டவுன்கள் மூன்றிலும் லீகில் முதலிடம். பிளேஆஃப் இல்லை. இதை நீ என் முகத்துக்கு நேரே சொல்லலாம், வாங்கிக்கொள்கிறேன். நான் இப்போது டெட்ராய்ட் ஆட்டங்களையும் விடாமல் பார்க்கிறேன். 58-ஆம் எண் சூவெலை மட்டும். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, ஓடுபவனுக்கு முன்னால் அவன் ஓரமாக ஓடிவரும்போது எதிரணி ஆட்கள் ஒதுங்குவதைப் பார்த்தால் நீ ஏன் அன்று சாப்பிடாமல் போனாய் என்று தெரிகிறது. எனக்கு அவனை மிகவும் பிடித்துவிட்டது.

ஆனால் அதே 2024-இல், லீகிலேயே சிறந்த லைன்களில் ஒன்றை வைத்துக்கொண்டு, 15 வெற்றி 2 தோல்வி என்று வந்த டெட்ராய்ட், சொந்த மைதானத்தில் முதல் பிளேஆஃப் ஆட்டத்திலேயே வாஷிங்டனிடம் 45-31 என்று தோற்றது. சூவெல் அன்று ஆடினான். தடுப்பாட்டக்காரர்கள் பாதிப் பேர் காயம் என்று சொல்வாய். அப்படியானால் லைன் மட்டும் போதாது என்று நீயே ஒப்புக்கொள்கிறாய். முன்யோஸுக்கும் சேர்த்துப் பதில் எழுது. போன் வேண்டாம்.

உன் தங்கை