பனி பிளந்த கல்

அன்புள்ள ராமு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே.

இங்கே என் வீட்டுச் சுவர் விவகாரம் இன்னும் தீர்ந்தபாடில்லை. போன வருஷம் வந்த கொத்தனார் கல் இடுக்கெல்லாம் சிமென்ட் பூசிவிட்டுப் போனார் என்று எழுதியிருந்தேனே, அதன் பலன் இப்போது தெரிகிறது. பழைய சுண்ணாம்புக்கல் சுவர் அது. ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லிலேயே தங்கி, குளிரில் உறைந்து, கல் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. சுண்ணாம்புச் சாந்துதான் பூசியிருக்க வேண்டுமாம். பட்டால்தானே தெரிகிறது!

அந்த எரிச்சலோடுதான் அக்டோபர் கடைசியில் கெல்ம்ஸ்காட் போனேன். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், தேம்ஸ் இன்னும் சின்ன ஆறாக ஓடும் இடம். 1600 வாக்கில் ஒரு விவசாயக் குடும்பம் கட்டிய கல்வீடு. 'மேனர்', அதாவது பிரபு மாளிகை, என்ற பட்டம் பின்னால் ஒட்டிக்கொண்டது; எனக்கென்னவோ பண்ணை வீடாகத்தான் தெரிந்தது. 1871-இல் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் வாடகைக்கு எடுத்ததால் பெயர் பெற்றது.

உள்ளே மோரிஸின் கட்டிலையும் திரைச்சீலைகளையும் பார்க்க ஒரே கூட்டம். நான் வாசலில் நின்று கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனையும் கல் ஓடு. இறவாணத்தில் பெரிதாகத் தொடங்கி, வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே முகட்டுக்குப் போகிறது. மழைத்தண்ணீர் கீழே வர வரச் சேரும் அல்லவா, அங்கே பெரிய கல் போட்டால் இடுக்கு குறைவு. பாறையில் கிடைக்கிற சின்னக் கல்லும் வீணாகாது.

அந்தக் கல்லை இவ்வளவு மெல்லிசாகப் பிளந்தது யார் தெரியுமா? பனி! அந்த வட்டாரத்தில் ஸ்டோன்ஸ்ஃபீல்ட் என்ற ஊர் இதற்குப் பேர்போனது. அந்தக் காலத்தில் தோண்டியெடுத்த கல்லைக் காயவிடாமல் வைத்திருந்து, உறைபனி இரவுகளில் வெளியே பரப்பிவிடுவார்கள். ஊறிய நீர் உறைந்து, கல் ஏடு ஏடாக விலகும். அப்புறம் ஓரத்தைக் கொத்தி, ஒரு துளை போட்டு, ஓக் மர முளையில் மாட்ட வேண்டியதுதான். என் சுவரை உரிக்கிற அதே பனிக்கு அங்கே கூலியில்லா வேலை!

1877-இல் பழைய கட்டடங்களைக் காக்க மோரிஸ் ஆரம்பித்த சங்கம் இன்றும் சுண்ணாம்பைத்தான் சிபாரிசு செய்கிறது. வேறொரு கொத்தனாரைப் பிடித்துவிட்டேன். புதிதாகப் பூசிய சுண்ணாம்புச் சாந்து உறைபனியில் நிற்காது, ஏப்ரல் தாண்டித்தான் வருவேன் என்கிறார்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு. பதில் போடு.

அன்புடன்,
சண்முகம்